வரைபடத்தில் முளைத்த நான்காவது அறை

கையில் அளவு நாடாவை வைத்திருப்பவரை எந்த ஊரிலும் மக்கள் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அவர் அளந்து முடிக்கும்வரை கூடவே நடப்பார்கள். சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் குடியிருப்பது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்றில். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வீடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் யாரும் மூடவில்லை. ஆகவே இங்கே ஒருவர் ஒரு சுவரை அளந்தால், யாரையோ காலி செய்யப் போகிறார்கள் என்றுதான் பொருள். இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தும், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், ஒரு சனிக்கிழமைக் காலையில், நாடாவும் கையுமாக நான் பின்சந்தில் இறங்கினேன்.

காரணம், டேவிட் அண்ணனின் திருமணம். பெண் கிரேஸ். அண்ணனுக்கும் அவருக்கும் பெங்களூர் ரயிலில் பழக்கம். இரு வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் கிரேஸின் அப்பா தேவசகாயம் மாமா ஒரு நிபந்தனை விதித்தார். “கதவு போட்ட தனி ரூம் வேணும். ஸ்கிரீன் மாட்டி ஏமாத்துற வேலையெல்லாம் வாணாம். பிளான் காட்டுங்க, பாத்துட்டுத்தான் தேதி.”

மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் அதன் வாசலில் காவல் பணியில் இருந்தார். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் தங்கத் துகள் எதையும் கடத்திச் செல்லவில்லை என்று உறுதி செய்வது அவர் வேலை. சட்டைப்பை, தலைமுடி, டிபன் கேரியர், அதற்குள் மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் அவர் கிளறிப் பார்த்திருக்கிறார். என் அப்பாவின் டிபன் கேரியரும் அதில் அடக்கம். சுரங்கம் மூடியபோது மாமாவின் வேலை போயிற்று, சந்தேகம் போகவில்லை. அப்பாவும் பழக்கம் விடாமல் வருங்காலச் சம்பந்தியை ‘சார்’ என்றே அழைத்தார். அவர் எதிரே வந்தால் கைகளைத் தம்மையறியாமல் சற்று உயர்த்தினார்.

வரைபடம் போட ஒரு மென்பொருள் இருப்பதை அண்ணன் எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னான். “ஃப்ரீதான் ஷீபா. நீதான் எல்லாத்தையும் கரெக்டா செய்ற ஆளாச்சே. மேஸ்திரி சிகரெட் அட்டையில கிறுக்குறத காட்டுனா அந்த மனுஷன் நம்புவாரா?” தோழியின் குறுஞ்செய்தியில் ஒற்றுப்பிழை கண்டால்கூடத் திருத்தி அனுப்புகிறவள் நான். இந்தப் புகழ்ச்சியில் விழாமல் இருப்பேனா? (விழுந்தேன். நல்லா, சத்தம் வர்ற மாதிரி.)

இலவசம் என்ற சொல்லை நான் எப்போதுமே நம்புவதில்லை. அன்று மட்டும் நம்பினேன். அது முதலில் என் மின்னஞ்சலைக் கேட்டது. பிறகு என் பிறந்த நாளைக் கேட்டது. ஹாலை அளக்க என் பிறந்த நாள் எதற்கு? அளவுகளை நான் அடிக் கணக்கில் கொடுக்க, அது மீட்டராகவே எடுத்துக்கொண்டு, எங்கள் ஹாலுக்குள் ஒரு தேவாலயத்தையே நிறுத்தும் அளவுக்கு இடம் காட்டியது. முதலில் அலகை மாற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். இதை அந்த மென்பொருள் எங்கும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

இனி, பின்சந்து. எங்கள் வரிசையில் ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வது சுண்ணாம்பின் நிறம்தான். எங்கள் நீலம் தொடங்கும் இடத்திலிருந்து பிலோமினா அக்கா வீட்டு ரோஸ் தொடங்கும் இடம்வரை நாடாவைப் பிடித்தேன். ரோஸ் பக்கத்து ஜன்னல் திறந்தது.

“இன்னாம்மா அளக்குற?”

“சும்மாதான்க்கா.”

“சும்மா யாராவது அளப்பாங்களா? காலி பண்ணச் சொல்லி பேப்பர் வந்துகீதா? எங்களாண்ட மறைக்கிறீங்களா?”

அண்ணனின் திருமணப் பேச்சு உறுதியாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே நான் மௌனமாக இருந்தேன். மௌனத்தைவிடச் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடையாது. நான் நாடாவைச் சுருட்டி முடிப்பதற்குள் வரிசையின் கடைசி வீடுவரை செய்தி போய்விட்டிருந்தது.

அடுத்து உள் அளவு. பிலோமினா அக்கா வீட்டையும் எங்கள் வீட்டையும் பிரிக்கும் பொதுச் சுவரை ஒட்டி எங்கள் இரும்பு பீரோ நிற்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன்.

“அத்த தொடாத!” என்றார் அம்மா, தேவைக்கு அதிகமான வேகத்தில். “கால் ஒடஞ்சி கீது. நகத்துனா அப்டியே சாயும்.”

அதையாவது நான் சந்தேகித்திருக்க வேண்டும். மென்பொருளைச் சந்தேகித்தேன், பிலோமினா அக்காவைச் சந்தேகித்தேன், பெற்ற தாயைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி அவர். நாடாவை பீரோவின் கதவுவரை நீட்டி, அந்த அளவையே அண்ணனுக்கான அறையின் அகலமாகக் குறித்துக்கொண்டேன்.

வரைபடத்தில் வெளிச்சுவரையும் உட்சுவர்களையும் போட்டு முடித்ததும், பொதுச் சுவரோரமாக ஒடுக்கமாக, நீளமாக, நான்கு பக்கமும் மூடிய ஓர் இடம் உண்டாயிற்று. மென்பொருள் அதற்குத் தானாகவே ‘அறை 4’ என்று பெயர் சூட்டி, தரைக்கு என்ன டைல்ஸ் வேண்டும் என்றும் கேட்டது. அதை அழிக்க முயன்றேன். இந்தச் சுவரை நீக்கினால் மற்ற அறைகளும் நீங்கும் என்று எச்சரித்தது. அண்ணனின் அறையைப் பணயம் வைக்க மனமின்றி விட்டுவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், தடிமனாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். (ரெண்டடி தடிமன்ல செவுரு கட்டுறதுக்கு இது இன்னா கோட்டையா?)

அறைகலன்கள் வைக்கும் படலம் இதைவிடக் கொடுமை. அந்தப் பட்டியலில் கணப்பு அடுப்பு உண்டு, பியானோ உண்டு, நீச்சல் குளம்கூட உண்டு. தண்ணீர்க் குடங்களை வரிசையாக அடுக்கி வைக்கும் மேடை கிடையாது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கும் வீடுகளை அதைச் செய்தவர்கள் பார்த்ததே இல்லை போலும். குட மேடையின் உயரத்துக்கும் நீளத்துக்கும் பொருந்திய ஒரே பொருள், மதுக்கூடங்களில் இருக்கும் கவுண்டர். அதையே வைத்தேன். அதன்மேல் சில புட்டிகளும் கூடவே வந்தன. அவற்றை நீக்கப் பணம் கட்ட வேண்டுமாம். தள்ளி நின்று பார்த்தால் குடம் போலத்தான் தெரிகிறது என்று தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமாவும் அத்தையும் கிரேஸும் வந்தார்கள். மடிக்கணினியை மேசைமேல் வைத்து வீட்டின் முப்பரிமாணப் படத்தைத் திறந்தேன். கூரையின்றி, மேலிருந்து பார்ப்பது போல வீடு சுழன்றது. “அழகா கீதே!” என்றார் அத்தை. கதவு போட்ட தனி அறையைக் கண்டு கிரேஸ் தலைகுனிந்து சிரித்தார். அந்த நொடியில் படத்தை மூடியிருந்தால் நான் இன்று ஒரு மேதை.

“குடும்மா அத்த,” என்று மாமா மௌசைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறையாக உள்ளே நுழைந்து, மூலை மூலையாகத் தேடத் தொடங்கினார். அப்பாவின் கைகள் மெல்ல உயர்ந்தன.

“இது இன்னா?”

“குடம் வைக்கிற மேடை மாமா.”

அவர் மௌசை அதன்மேல் கொண்டுபோனார். மென்பொருள் உடனே, யாரும் கேட்காமலே, ‘பார் கவுண்டர்’ என்று பெயரை எழுதிக் காட்டியது. (பொருளுக்குப் பேர் மாத்தாம யாருக்கும் படத்தக் காட்டாதீங்க. சம்பந்திக்குக் காட்டவே காட்டாதீங்க.)

“குடத்துக்கு எதுக்கும்மா பாட்டிலு?”

“அது... இலவசமாக வந்தது மாமா.”

“பாட்டிலு எங்க ஃப்ரீயா குடுக்குறாங்க?” என்றார் மாமா. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் ரத்த பந்தம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

மௌஸ் மேலும் நகர்ந்து, பொதுச் சுவரோரம் வந்து நின்றது.

“இந்தச் சந்துக்கு வாசலே இல்லியே. இதுல இன்னா கீது?”

“அப்படி ஓர் இடமே இல்லை மாமா.”

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சுரங்க வாசலில் பிடிபட்ட எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாமா எழுந்தார். திரையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே நேராக பீரோவுக்குப் போனார். அதன் பக்கவாட்டில் கையை நுழைத்துச் சுவரைத் தட்டினார்.

டொக், டொக்.

உள்ளிருந்து டொக், டொக் என்று பதில் வந்தது.

மாமா ஒரு கணம் ஆடிப்போய்விட்டார். அத்தை “ஏசப்பா!” என்று கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் பிலோமினா அக்கா முன்வாசலில் நின்றார். “யாரு செவுத்த தட்டுறது? நேத்து பொண்ணு வந்து அளந்துச்சி, இன்னிக்கி ஆளக் கூட்டியாந்து தட்டுறீங்களா? ஒடைக்கிறதுன்னா எங்களாண்ட ஒரு வார்த்த சொல்ல வாணாமா?”

“நீங்க இருங்கம்மா,” என்றார் மாமா. “நானும் அத்தத்தான் கேக்குறேன். டேவிட்டு, இப்டி வா. பீரோவப் புடி.”

“கால் ஒடஞ்சி...” என்று தொடங்கிய அம்மாவின் குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அண்ணனும் மாமாவும் பீரோவை இழுத்தார்கள். நான்கு கால்களும் திடமாக, ஒரு குறையும் இல்லாமல் நகர்ந்தன.

பின்னால் ரகசிய அறை ஏதும் இல்லை. பீரோவின் ஆழம்தான் என் ‘அறை 4’ என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறையை பீரோவின் கதவோடு முடித்துவிட்டு, பீரோ நிற்கும் இடத்துக்குச் சுவரெழுப்பியிருக்கிறேன். சாமான்களை நகர்த்தாமல் வீட்டை அளக்காதீர்கள் என்று உரக்கச் சொல்ல வாய் திறந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பழைய மாடம். மாடத்தில், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய ஒரு பீங்கான் ஜாடி.

மாமா அதை இரு கைகளாலும் எடுத்தார். துணியை அவிழ்த்தார். முகர்ந்தார். வாழ்நாளெல்லாம் சோற்றுக்குள் தேடியது கடைசியில் கிடைத்துவிட்ட பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

“இது யாருது?”

கிரேஸின் கண்கள் நிறைந்துவிட்டன. அண்ணன் சுவரில் சாய்ந்தான். அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

“என்னுது சார்.”

அத்தனை ஆண்டு ஷிப்டிலும் ஒரு மணல் துகளைக்கூட மறைத்து எடுத்து வராத மனிதர். அவர் அப்படிச் சொன்னபோதுதான், இது வேடிக்கையான விஷயம் அல்ல என்று எனக்கு உறைத்தது. தேதி குறிப்பது இருக்கட்டும். இந்தச் சம்பந்தமே இப்போது ஒரு ஜாடியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

“அவருக்கு ஒன்னியும் தெரியாது,” என்றார் அம்மா. தலையை நிமிர்த்தி, சங்கக் கூட்டத்தில் பேசும் அதே குரலில் பேசினார். “அது நான் போட்டது. கிறிஸ்துமஸுக்கு. திராட்ச ரசம். மருந்துக்கு.”

அத்தை மெல்ல முன்னால் வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கிராம்பு போட்டீங்களாக்கா? பட்ட மட்டுந்தானா?” என்றார். “கோதும போட்டீங்கன்னா இன்னும் தெளிவா நிக்கும்.”

மாமா மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “ஊரு டிபன் கேரியரெல்லாம் தொறந்து பாத்தீங்களே. நம்ம வூட்டு பீரோவ என்னிக்காவது நகத்திப் பாத்தீங்களா?”

முதலில் சிரித்தவர் பிலோமினா அக்கா. அடுத்து கிரேஸ். அப்பா சிரிக்கவில்லை, உயர்ந்திருந்த தம் கைகளை மெல்லக் கீழே இறக்கினார். மாமா ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு, “ஒரு தம்ளர் குடுங்க. மருந்தா, இல்லியான்னு செக் பண்ணணும்,” என்றார். செக் பண்ணினார். சந்தேகம் தீராமல் மறுபடியும் செக் பண்ணினார். அன்று மாலையே தேதி குறிக்கப்பட்டது.

பீரோ மறைத்திருந்த இடமும் கணக்கில் சேர்ந்ததால் அண்ணனின் அறை நான் போட்டதைவிட அகலமாகவே அமைந்தது. கிரேஸ் அண்ணி அதில்தான் குடியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் மற்றோர் அறையில். நான் ஹாலில் பாய் விரித்துப் படிக்கிறேன், உறங்குகிறேன். ஆனாலும் வரைபடத்து ‘அறை 4’ என் பெயருக்கு ஆகிவிட்டதால், இந்த வீட்டில் தனி அறை உள்ளவள் நான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சாவியோ, மூக்குக் கண்ணாடியோ, அண்ணனின் ரயில் பாஸோ, எது காணாமல் போனாலும் “ஷீபா ரூம்ல பாருங்க” என்கிறார் அண்ணி. பிலோமினா அக்காகூடத் தம் பூனையைத் தேடிக்கொண்டு வந்து அங்கே பார்க்கச் சொல்கிறார்.

தேவசகாயம் மாமா இப்போதும் கிறிஸ்துமஸ் மதியம் வருகிறார். சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்து, என்னை அருகில் அழைத்து, வாசலில் ஆள் நிறுத்தும் அதே குரலில் கேட்கிறார்: “ஷீபா, ஒன் ரூம்ல இன்னா கீது?”

“ஒன்றுமில்லை மாமா.”

அவர் நம்புவதில்லை. நம்பாமலேயே தம்ளரை நீட்டுகிறார்.