அவங்க சார்பா நான் சொல்றேன்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. கேள்வி உங்களிடம் கேட்கப்படும். பதில் அவரிடமிருந்து வரும். நீங்கள் பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுக்கும் இடைவெளி அவருக்குப் போதும். அதற்குள் உங்கள் கருத்து, கஷ்டம், திருப்தி, எதிர்காலத் திட்டம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்று உங்களையே சாட்சிக்கும் கூப்பிட்டுவிடுவார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் சமாளித்துவிடலாம். இவர் நல்லவர். அதுதான் தொல்லை.

இந்த ரகத்தில் அப்பழுக்கில்லாத ஒருவரை எனக்குத் தெரியும். ஆற்றோரத்தில் பெரிய மருத்துவமனை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அந்த சைட்டுக்கு அவர் மேலாளர். நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். வேலை செய்யும் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவர் குரல் குழைந்துவிடும். "எங்க சைட்ல ஆம்பள, பொம்பளன்னு வித்தியாசமே கிடையாது" என்பார். உண்மைதான். பூட்ஸ் அளவில்கூட வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் ஆண்கள் அளவு.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சுறுசுறுப்பான பெண்மணி. வெள்ளம், புயல் என்று வந்தால் கட்டுமானத் தொழிலில் இருக்கும் பெண்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள், பாதுகாப்பு ஏற்பாடுகளில் அவர்கள் பேச்சு எடுபடுகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. பெண்களிடம் நேரில் பேச வேண்டும் என்றார்.

"தாராளமா பேசுங்க மேடம்!" என்று மேலாளர் சைட் ஆபீஸில் நாற்காலிகள் போடச் சொன்னார். தனக்கும் ஒன்று. நடுவில்.

முதலில் வந்தது கிரேன் ஓட்டும் அக்கா.

"போன தடவை வெள்ளம் வந்தப்ப உங்களுக்கு என்ன சிரமம் இருந்துச்சு?"

"சிரமமா? ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார் மேலாளர்.

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

"அவங்க கொஞ்சம் கூச்ச சுபாவம். அவங்க சார்பா நான் சொல்றேன்."

கூச்ச சுபாவமாம்! அந்த அக்கா மேலேயிருந்து ஓர் அதட்டல் போட்டால் கீழே லாரி தானாகப் பின்வாங்கும். இப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்தது சைட் இன்ஜினியர், இளம்பெண். "பொண்ணுங்க ஓய்வறை ஏன் அந்தக் கோடியில இருக்கு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"தனியா, அமைதியா இருக்கணும்னு அவங்களே ஆசைப்படுவாங்க மேடம்."

"அந்த அமைதிதான் சார் பிரச்சினையே..." என்று இன்ஜினியர் ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா, அமைதியப் பத்தி அவங்களே சொல்றாங்க!" என்று மேலாளர் முடித்துவைத்தார்.

அப்போது வானம் கறுத்தது. முன்னறிவிப்பில் மாலை வருவதாக இருந்த காற்று, மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே வந்து நின்றது. சாரம் கட்டிய கம்பிகள் கடகடவென்று ஆட, மணல் முகத்தில் அறைய, மழை கொட்டத் தொடங்கியது. சைரன் அலறியது. கட்டி முடித்திருந்த முதல் மாடிக்கு எல்லோரும் ஓடினோம். இன்ஜினியர் படிக்கட்டில் நின்று ஆட்களைச் சரிபார்த்தார். சாப்பிடப் போன சித்தாள் பெண்களைக் காணோம்.

"சார், சைரன் அந்த ரூமுக்குக் கேக்காது. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்!"

மேலாளரின் முகம் வெளுத்தது. நல்லவர் என்றேனே, அடுத்த நொடி மழையில் இறங்கிவிட்டார்.

"நில்லுங்க சார்!" என்று இன்ஜினியர் கூப்பிட்டார். "பலகையும் கயிறும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்!"

நின்றாரா? "அவங்க பயந்து போயிருப்பாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். வழியில் அஸ்திவாரப் பள்ளம். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினார். உள்ளே நடந்ததைப் பிறகு அந்தப் பெண்களே எனக்குச் சொன்னார்கள்.

தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் உலகமே கேட்காமல் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு படாரென்று திறந்தது. "பயப்படாதீங்க! பயப்படாதீங்க!"

"நாங்க பயப்படல சார். நீங்க ஏன் நடுங்குறீங்க?"

அழைத்துப்போகக் கதவைத் திறந்தால், பள்ளத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறிச் சுழன்றுகொண்டிருந்தது. மேலாளர் கதவைச் சாத்தினார். அந்த ஓய்வறையிலேயே அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கவனியுங்கள், பதிலுக்குக் காத்திருந்தார்.

காற்று சற்று அடங்கியதும் இன்ஜினியர் வந்தார். கிரேன் அக்காவும் நான்கைந்து பேரும் சேர்ந்து பள்ளத்தின்மேல் சாரப் பலகைகளைப் போட்டு, கயிறு கட்டினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தொளதொள பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட, வெறுங்காலோடு வந்தார்கள். நடுப் பலகையில் ஒரு பெண்ணுக்குக் கால் வழுக்கியது. பின்னால் வந்த மேலாளர் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார். கரைக்கு வந்த பிறகும் அந்தக் கையை விட அவருக்குச் சற்று நேரமாயிற்று. பூட்ஸ் இல்லாத அவளுடைய வெறும் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் தலையைத் துவட்டிக்கொண்டே ஆய்வாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "சார், கயித்தப் பிடிச்சு வரும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

மேலாளர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"சாருக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் வழுக்கிய பெண். "நல்லா தைரியமாத்தான் வந்தாரு."

மாடியே சிரித்தது. மேலாளரும்தான். அதன் பிறகு பெண்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளருக்கு எழுதிக் கை வலித்தது. ஓய்வறை கட்டடத்துக்குள்ளேயே இடம் மாறியது. அங்கும் ஒரு சைரன் வந்தது. சின்ன அளவு பூட்ஸ் என் ஸ்டோர்ஸுக்கு வந்திறங்கியது.

மேலாளர் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? கிட்டத்தட்ட. அடுத்து நடந்த நிர்வாகக் கூட்டத்தில், "பாதுகாப்பைப் பத்தி எங்க இன்ஜினியரே பேசுவாங்க" என்று எழுந்தார். இன்ஜினியர் என்ன பேசப்போகிறார் என்பதை விளக்கமாக அறிமுகப்படுத்தினார். அறிமுகம் முடிவதற்குள் கூட்டம் முடியும் நேரம் வந்துவிட்டது. இன்ஜினியர் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பிறகுதான் பேசினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன முறை டாக்டர் உங்கள் மனைவியிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டபோது யார் பதில் சொன்னது? கடைக்காரர் உங்கள் மகளிடம் "என்ன கலர் வேணும்மா?" என்றபோது?

"சேச்சே, எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாது. எல்லாரும் மனசுல இருக்கறதச் சொல்லுவாங்க" என்கிறீர்களா?

சந்தோஷம். அதை அவர்களைச் சொல்லச் சொல்லுங்களேன்.