கீர்த்தனாவின் கம்ப்யூட்டரில் நான் கொண்டாடிய போகி

புதுப்பட்டினம்,
காணும் பொங்கல், மாலை.

அன்பு மச்சான் திருவேங்கடத்துக்கு, தீனதயாளன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை அம்சாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறோம். மதுராந்தகத்தில் நீயும் தங்கச்சி ரேணுகாவும் சுகமாகவும், உன் லாரிகள் பஞ்சர் இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போட்டு லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்க வைப்பாய். அதனால்தான் கடிதம், இன்று ராத்திரி மதுராந்தகம் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நாளைக் காலை மீன் வியாபாரி காஜா மொய்தீன் பாயை நீ நம் வீட்டுக்கு அழைத்து வருகிறாய் அல்லவா? கீர்த்தனா எழுதிய சாஃப்ட்வேர் அவருக்குப் பிடித்துவிட்டால் அவள் இங்கேயே இருந்து தொழில் செய்வாள். இல்லையென்றால் ஹைதராபாத் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள், ஆர்டர் வந்து மேசைமேல் கிடக்கிறது. ஒரே பெண், மச்சான். அவளும் போய்விட்டால் நானும் உன் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் பார்த்தது போதாதா?

அந்த சாஃப்ட்வேரில் என்ன விசேஷம் என்றால், எந்த விடுதிக்கு என்றைக்கு எவ்வளவு மீன் என்பதை பாயே எழுதி மாற்றிக்கொள்ளலாம். வஞ்சிரம் கிடைக்காத நாளில் சங்கரா அனுப்பு என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த வரியைப் படித்து நடத்துவதற்கு, சாஃப்ட்வேருக்கு உள்ளேயே பைத்தான் என்று ஒரு இன்டர்பிரிட்டரைக் குடிவைத்திருக்கிறாள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். போகியன்று தெரியாது.

போகியன்று கீர்த்தனா வெளியே போயிருந்தாள். உன் தங்கை பிய்ந்த பாய், உடைந்த முறம் எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஊரே கழிச்சிகினு கீது, நீ மட்டும் இன்னா சும்மா குந்திகினு கீற?" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கீர்த்தனாவின் சாஃப்ட்வேர் இருந்த இடத்தில் ஒரு ஃபோல்டர் நிறைய குட்டிக் குட்டி ஃபைல்கள், தேதி எல்லாம் அரதப் பழசு. யாரும் தொட்ட மாதிரியே தெரியவில்லை. பழையன கழிதல் என்று மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, மகள் செய்த வேலையை ஒருமுறை பார்ப்போமே என்று சாஃப்ட்வேரைத் திறந்தால், கறுப்புக் கட்டம். அதில் மூச்சுவிடாமல் இங்கிலீஷ். இன்டர்பிரிட்டரை எழுப்ப முடியவில்லை, 'என்கோடிங்ஸ்' என்று எதையோ காணோம் என்பது சாரம். நெம்மேலியில் பம்ப் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான், அணைத்துப் போட்டால் ஓடாத மெஷின் கிடையாது என்று அணைத்து அணைத்துப் போட்டேன். அதே கறுப்புக் கட்டம்.

கீர்த்தனா வந்ததும், பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் மெஷினுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளும் சரிப்பா என்று சொன்னாள், தங்கமான பெண். பொங்கலன்று, பஸ் ஸ்டாண்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தமிழ்வாணனை அழைத்து வந்து அறைக்கதவைச் சாத்தினேன். "சப்ப மேட்டரு அண்ணாத்த. பைத்தான் காணாம பூட்ச்சு, புச்சா ஒண்ணு போட்டா தீந்துது" என்று இருப்பதிலேயே புதிய பைத்தானை இறக்கினான். அது போதாது என்று, 'இன்டர்பிரிட்டரின் வீடு இனி இங்கே' என்று கம்ப்யூட்டரின் செட்டிங்கில் ஒரு வரியும் எழுதிவைத்தான். திறந்தோம். மறுபடி கறுப்புக் கட்டம், ஆனால் வேறு இங்கிலீஷ். "பாத்தியா, மாறிக்கீது. முன்னேத்தம்" என்றான். கீர்த்தனா குடிவைத்தது பழைய பதிப்பாம், இவன் கொண்டுவந்த சாமான்கள் புதுப் பதிப்பாம், இரண்டும் ஒத்துப்போகாதாம். இதை அவன் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியை நான் இன்னும் காலி செய்யவில்லை. போட்டதை எல்லாம் பொறுக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அப்பாடா என்று திறந்தால் அதே கறுப்புக் கட்டம். மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்முன் ஹைதராபாத் ரயில் கிளம்புகிறது. கோபத்தில், "டேய், நீ இதுல இன்னா இன்னா போட்டியோ அல்லாத்தையும் கழட்டிகினு கெளம்பு" என்று கத்திவிட்டேன். அவனும் முறைத்துக்கொண்டே புதிய பைத்தானை எடுத்தான், செட்டிங்கில் எழுதிய வரியையும் அழித்தான். திறந்தேன். கீர்த்தனாவின் சாஃப்ட்வேர் பளிச்சென்று வந்து நின்றது. எழும்புவதற்கு முன்பே அந்த இன்டர்பிரிட்டர் தன் வீடு எது என்று கேட்டுக்கொள்ளுமாம். அந்த நேரத்தில் யாராவது தப்பு விலாசம் கொடுத்துவிட்டால், சொந்த வீடு பக்கத்திலேயே இருந்தாலும் திரும்பிப் பார்க்காதாம். நம் சொந்தத்தில் சில மாப்பிள்ளைகள் இப்படி உண்டு, பெயர் வேண்டாம். தமிழ்வாணன், "சொன்னேன்ல, சப்ப மேட்டருன்னு" என்று சர்க்கரைப் பொங்கலை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஆகவே உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். நாளை பாய் முன்னால் மறுபடி கறுப்புக் கட்டம் வந்தால், நீ அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் முருங்கை மரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிரு. கீர்த்தனாவிடம் மூச்சு விடாதே. அவள் வேலையில் நான் கைவைத்தேன் என்று தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

தங்கச்சி ரேணுகாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பக்கத்து ஊரிலேயே வேலை கிடைத்து நூறு வயது வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்
தீனதயாளன்

பின்குறிப்பு: மாமா, நான் கீர்த்தனா. அப்பாவுக்குப் பிரிண்ட் எடுக்க வரவில்லை. "படிக்காம எடுத்துக் குடு" என்று என்னிடமே சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார். பாய்க்கு என் லேப்டாப்பில் போகிக்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். அவருக்குப் பிடிக்காமல் போனால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்துவிட்டது. ஹைதராபாத்துக்கு வரவில்லை என்று எழுதியும் அனுப்பிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் நான் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் பழசு, அதில் எது போனாலும் நஷ்டமில்லை. பொங்கலன்று சொல்லலாம் என்று அறைப் பக்கம் போனால், உள்ளே அப்பா தமிழ்வாணன் அண்ணனிடம், "என் பொண்ணு இத்த எப்டி யோசிச்சி கட்டிகீறா பாருடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று இதுவரை அவர் கேட்டதே இல்லை, மாமா. கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அதனால் நாளைக்கு அப்பாவே பாய்க்குக் காட்டட்டும். முதல் தடவை பார்ப்பது போலப் பாருங்கள் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். "அதுக்கு இன்னாம்மா, எனக்கும் பொண்ணு கீது" என்றார்.