ஏழாம் தொட்டிக்குச் சங்கீதம்

அரிசி மதுவான சாக்கே ஊறும் ஏழாம் நம்பர் தொட்டியில் நுமாதா காதை வைத்துப் பார்த்தான். உள்ளே ஊறல் நுரைத்துப் பொங்கும் சலசலப்பு மட்டும்தான் கேட்டது. ஸ்பீக்கரில் ஓடவேண்டிய கோத்தோ வீணை இசையைக் காணோம்.

இசைப்பெட்டியின் பச்சை விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று குளிர்காலமாகத் தினமும் காலையில் பட்டனை அழுத்துவான், விளக்கைப் பார்ப்பான், அரிசி கழுவ ஓடிவிடுவான். தொட்டியோடு ஒட்டிய ஸ்பீக்கர் உள்ளே இருக்கும் ஊறலுக்கு மட்டும்தான் கேட்கும், வெளியே கேட்காது என்று முதலாளி குசாகா சொல்லியிருந்தார். காதை வைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? இன்றைக்குச் சாக்கே வாங்க டோக்கியோவிலிருந்து ஒரு பெரிய கடையம்மாள் வருகிறார், காதை வைத்துக் கேட்கப்போகிறார். அதனால்தான் இந்தச் சோதனை.

"இசை கேட்டு வளர்ந்த சாக்கே" என்று சீசாவிலேயே அச்சடித்திருக்கிறது. "இசை நின்னுதுன்னா அன்னைக்கே நீ வேற வேலை பாத்துக்கப்பா" என்று முதலாளி நேற்றுதான் சொன்னார்.

பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினான். பச்சை விளக்கும் அணைந்தது.

"ஐயையோ!"

எலக்ட்ரீஷியன் மிசாவாவுக்குப் போன் போட்டான்.

"ரோடெல்லாம் பனிப்பா. மூணு மணி ஆயிடும்."

கடையம்மாள் வருவது இரண்டரைக்கு. அதற்குள் மேஸ்திரி ககயா கதவைத் திறந்துகொண்டு வந்தார். சாக்கே ஊற வைப்பதில் அவர் வைத்ததுதான் அங்கே சட்டம்.

"யாரைக் கேட்டு மிசாவாவைக் கூப்பிட்டே?"

"ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு மேஸ்திரி."

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. அவன் வரவேணாம்னு சொல்லு."

"என் வேலை போயிடும் மேஸ்திரி!"

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

நுமாதா சமையலறை ரேடியோவைத் தூக்கி வந்து தொட்டியின் பின்பக்கம் வைத்துக் கட்டினான். வெளியே தெரியாமலிருக்க மேலே இரண்டு மெத்தைப் போர்வையைச் சுற்றினான். எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் ஒருவன் இடுப்புவலித் தைலமே விற்றுக்கொண்டிருந்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரேடியோவை அணைத்துவிட்டுத் தானே போர்வைக்குள் புகுந்தான். குளிர்ந்த தொட்டியில் உதட்டை வைத்து, "டிண்... டிடிண்..." என்று ஆரம்பித்தான்.

"இசை வெச்ச முதல் வருஷம் ஒண்ணும் தெரியலைங்க" என்று முதலாளி பெருமை அடித்துக்கொண்டே வந்தார். "அதுக்கடுத்த வருஷத்துலேருந்து பாருங்க, எட்டு தங்கப் பதக்கம்! எல்லாம் இசைங்க, இசை!"

கடையம்மாள் கண்ணை மூடித் தொட்டியில் காதை வைத்தார்.

"அட, கேக்குதே! ரொம்ப இனிமையா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா, கோத்தோ மூக்கை உறிஞ்சுமா?"

"பழைய ரெக்கார்டும்மா" என்று முதலாளி வழிந்தார்.

அப்போது பார்த்தா மேஸ்திரி உஷ்ணமானியைப் பார்க்க வரவேண்டும்! இந்த ஊறலுக்கு அரை டிகிரி ஏறினாலே அவருக்குச் சோறு இறங்காது.

"ஒரு டிகிரி ஏறியிருக்கே! எந்தப் படுபாவிடா இதுக்குப் போர்வை போத்தினது?"

போர்வையைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே நுமாதா மண்டியிட்டுத் தொட்டியைக் கட்டிப்பிடித்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பழக்க தோஷத்தில் இன்னொரு "டிண்" வேறு வந்துவிட்டது.

கடையம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார். முதலாளியின் முகம் ஊறுகாய்ப் பிளம் போலச் சிவந்தது.

"ஒரே ஒரு பட்டன்! அதுதானேடா உன்கிட்ட ஒப்படைச்சேன்? மூட்டையக் கட்டு!"

"காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி. விளக்கு எரிஞ்சுதே!" நுமாதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பு ஒரு தட்டில் போயிற்றே!

பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டு மிசாவா உள்ளே வந்தார். நேரே போய்ப் பெட்டியைத் திறந்தார். முதலாளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி இரண்டு கையையும் ஆட்டி ஜாடை காட்டியது மிசாவா கண்ணில் படவில்லை.

"ஸ்பீக்கர் எங்கப்பா கெட்டுச்சு? மாட்டின மறு வருஷமே, 'இந்த இரைச்சல்ல ஊறல் எப்படிடா தூங்கும்'னு மேஸ்திரி சொல்லி, விளக்கை மட்டும் விட்டுட்டு நான்தானே ஒயரை வெட்டினேன்!"