போன வருசத்தாரின் காலண்டர் தாள்கள்

இன்றைய தினத்தை நேற்றைய தினத்தோடு ஒப்பிட மறுத்த மனிதர் ராஜபாளையம் முழுவதிலும் ஒருவரே இருந்தார். எங்கள் நூற்பாலையின் ஃபிட்டராகிய அவரைப் 'போன வருசத்தார்' என்றே அழைத்தோம். இயற்பெயரை வருகைப் பதிவேடு மட்டுமே அறியும்.

கேண்டீனில் சாம்பார் எப்படி என்று கேட்டால், "போன ஆனியில உப்பு இருந்துச்சு" என்பார். சித்திரை வெயிலில் அவர் மனைவியார், "இன்னிக்கு என்ன வெக்க!" என்று நொந்துகொண்டாராம். "போன சித்திரைக்கு இது தேவல" என்றாராம் இவர். "அப்பம் அங்கனயே போயி இருந்துக்கிடும்!" என்று விசிறி பறந்து வந்ததாக நம்பத்தகுந்த செய்தி.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அவர் எறிவதில்லை. எந்த இயந்திரத்தில் எத்தனை இழைகள் அறுந்தன என்று பின்புறம் குறித்துக் கம்பியில் கோத்துவைப்பார். ஒரு கார்த்திகையில் இழை அறுதல் குறையவே, இயந்திரங்களில் புதிதாய் மாட்டிய உருளைகளின் மகிமை என்று சூப்பர்வைசர் மிட்டாய் வழங்கினார். "மிட்டாய மழைக்கில்லா குடுக்கணும்? ஈரக்காத்துல பஞ்சு எப்பவும் அடங்கித்தான் கிடக்கும்" என்றார் போன வருசத்தார், இரண்டாவது மிட்டாயை வாயிலிட்டபடி.

அடுத்த ஆடி பிறந்தது. வறண்ட காற்றில் இழைகள் பொட்டுப்பொட்டென்று அறுந்தன. வைகாசியில் ஏழாம் இயந்திரத்தை ஏற்றிருந்த செல்வமேரி, ஓடியோடி முடிச்சிட்டும் தீரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்த ஒரு வேலையால் வளர்த்துவந்தவர் அவர்.

"கார்த்திகையில எம்புட்டுக் கம்மி! இந்தம்மா வந்த பொறவுதான் இப்படி. நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் சூப்பர்வைசர்.

போன வருசத்தார் கம்பியோடு வந்தார். "கார்த்திகையையும் ஆடியையும் எதுக்கு முடிச்சுப் போடுதீரு? ஆடிக்கு ஆடி பாரும்."

சூப்பர்வைசர் தாள்களைப் புரட்டினார். "அண்ணாச்சி, இதுல ராசிபலன்லா இருக்கு?"

"திருப்பிப் பாரும்!"

பார்த்தார். ஸ்டோரில் வேலை பார்த்த நானும் வந்து எட்டிப் பார்த்தேன். ஏழாம் இயந்திரத்தில் ஆடிதோறும் இழை அறுதல் ஏறியிருந்தது. இயந்திரம் பழசாகப் பழசாக, அந்த ஏற்றமும் ஆண்டுக்கு ஆண்டு கூடியே வந்திருந்தது. அவ்வாண்டு மட்டும் குறைந்திருந்தது.

"ஆடி ஏத்துது, கெழட்டு மிஷின் ஏத்துது. அம்புட்டையும் இறக்குறது இந்தப் பிள்ள கை. இதையா போகச் சொல்லுதீரு?"

சூப்பர்வைசர் தாள்களைக் கம்பியில் கோத்துக் கொடுத்தார். மறுநாளும் செல்வமேரி வேலைக்கு வந்தார். கண்கலங்கி நன்றி சொன்னார்.

"அடுத்த ஆடியிலயும் சொல்லு தாயி. ரெண்டையும் ஒத்துப் பாப்போம்" என்றார் போன வருசத்தார்.

சென்ற பங்குனியில் அவர் ஓய்வுபெற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது தாள்களில் குறிப்பவர் செல்வமேரி. இந்த ஆடியிலும் இழைகள் போன ஆடி அளவுக்கே அறுகின்றனவாம்.

ஆலைதான் போன ஆடியைப் போல இல்லை.