மச்சான் எழுதிய பகுதிக்கு ஆகும் நேரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட புண்ணியவான் எழுதிக்கொள்வது. இங்கே என் வேலையைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்களுக்கென்ன குறை? புரோகிராமை எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவர் நீங்கள், மாட்டிக்கொண்டவன் நான்.

ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த அந்த புரோகிராம் இருக்கிறதே, அது ரிப்போர்ட்டை அச்சடித்து முடிப்பதற்குள் நோயாளிக்குத் தானாகவே குணமாகிவிடுகிறதாம். கூடத்து முதலாளி போனில் கத்துகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள எது இழுக்குதுன்னு கண்டுபிடி. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ" என்று மிகுந்த பாசத்தோடு சொன்னார். நானும் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் முடியும்போதும் நேரத்தைக் குறிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து, இரண்டே இரண்டு நோயாளிகளின் பெயரைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பெயரைத் தேடும் பகுதி, அடியேன் மாற்றி எழுதியது, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அச்சடிக்கும் பகுதி, மகானுபாவர் நீங்கள் எழுதியது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் முடிந்தது!

சும்மா விடுவேனா? மறுபடி ஓட்டிவிட்டு மேனேஜர் அறைக்குப் போய் உங்கள் பெருமைகளை விரிவாக எடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஏழு நிமிஷம் என்று காட்டியது. மூன்றாம் முறை ஓடும்போது மாடிப்படியில் நின்று உங்கள் தங்கைக்குப் போன் போட்டு, "எங்கண்ணன் மூளை எங்கண்ணன் மூளைம்பியே, வந்து பாரு அந்த லட்சணத்தை" என்றேன். "எங்கண்ணனைக் குத்தம் சொல்ற அளவுக்கு நீங்க எப்ப வளந்தீங்க?" என்று அவள் ஆரம்பித்தவள்தான். வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பினால் அரை மணி நேரம்! பழைய ஆள் எழுதியதைத் தூக்கிக் கடாசிவிட்டு நானே புதிதாக எழுதித் தருகிறேன் என்று முதலாளிக்கும் தகவல் அனுப்பியாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. எல்லாம் உங்கள் தயவு.

இனிமேலாவது எதையும் எழுதுமுன் கொஞ்சம் யோசிக்கப் பாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உங்கள் மூளைக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
நீங்களே தேடிப்பிடித்த மாப்பிள்ளை

பி.கு.: மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை உறையில் போடும்போது பக்கத்து மேசைக்காரர் வந்தார். "சார், 'அச்சடிக்கவா?'ன்னு அது கேட்டுக்கிட்டு நிக்குது. நீங்க ஊரெல்லாம் சுத்திட்டு வந்து சாவகாசமா 'ஆமா'ன்னு அமுக்குறீங்க. அதையும் சேத்துத்தானே நேரம் காட்டும்?" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே உடனே அமுக்கினேன். பட்டென்று தாள் வந்து விழுந்தது. நான் உங்களைத் திட்டிய நேரமெல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்த மனுஷர் அதோடு விடாமல் கூடத்து நோயாளிகள் அத்தனை பேரின் பெயரையும் போட்டு ஓட்டிவிட்டார். என் பகுதி இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் இவ்வளவு பாடுபட்டும் மேனேஜருக்கு உங்கள்மேல் மரியாதை குறையவில்லை. தங்கை முகத்துக்காகவாவது அவருக்கு ஒரு போன் போடுங்கள், மச்சான்.