பெரிய அதிகாரியைத் திருப்பி அனுப்பிய காற்று

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, பொய்யில் ஆரம்பிக்காதே என்றாள். ஆகவே நீங்களும் அத்தையும் எங்களுக்கும் சேர்த்து நலமாக இருங்கள்.

அப்பாவின் வேலை போகப்போகிறது. கூடவே குவார்ட்டர்ஸும். விமான நிலையத்துப் பக்கத்தில் அவர் பார்க்கும் ராடார் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இடிமேகத்திலிருந்து சில நேரம் காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறுமாம். இறங்குகிற விமானத்தை முதலில் தூக்கிவிட்டு உடனே அமுக்கிவிடுமாம். அதை ஆராயத்தான் ராடார். அப்பாவும் மூன்று மழைக்காலமாகத் திரையையே பார்க்கிறார், ஒரு காற்றும் விழவில்லை. படிப்பை விட்டதிலிருந்து நான்தான் அந்த அறையைப் பெருக்குகிறேன், அங்கே விழுந்ததெல்லாம் தூசிதான். கடைசியில், ராடார் நிலையத்தை மூடிவிடலாமா என்று பார்க்கப் பெரிய அதிகாரி விமானத்தில் கிளம்பினார். அவர் இறங்கப்போகிற நேரம் பார்த்து, ஓடுபாதையின் முனையில் அந்தக் காற்று விழுந்தது. விமானத்தை இறக்கவேண்டாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல அப்பா ஃபோனை எடுத்தார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா பதறிவிட்டாள்.

"ஏங்க, அவர் கோவிச்சுக்குவார். இறங்கினப்புறம் சொல்லுங்களேன்."

"அப்புறம் சொல்ல அவர் இருக்கணுமே" என்றார் அப்பா.

விமானம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இங்கே கொஞ்ச நேரத்தில் பளீரென்று வெயில். அங்கே போய் இறங்கிய அதிகாரி ஃபோனில் பிடித்துக்கொண்டார். "காத்து எங்கய்யா அடிச்சுது? இங்க ஒரு இலைகூட அசையலையே. நிலையத்தை மூடிட வேண்டியதுதான்." அவர் நிற்பது நூறு மைலுக்கு அப்பால் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவின் வேலை. நடக்காததை யாருக்கு எப்படிக் காட்டுவது? சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள், சமைக்க மறுபடி அவிழ்க்கிறாள்.

மாமா, உங்கள் மாடி அறையை ஒழித்துத் தர முடியுமா? நேரில் கேட்க எனக்குக் கூச்சம், அதனால்தான் கடிதம். உங்கள் ஆசியை முதலில் அனுப்புங்கள். நாங்கள் சாமான்களோடு பின்னால் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அதிகாரி காரிலேயே வந்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து வீட்டிலிருந்த அப்பாவை நடுக்கூடத்தில் நிறுத்தித் திட்ட ஆரம்பித்தார். பாதித் திட்டில் காற்று விழுந்தது. எங்கள் தகரக் கூரை பறந்து போனதை அவரே கண்ணால் பார்த்தார். நிலையத்தை மூடமாட்டோம், வேலையும் போகாது என்று எங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்தே சொல்லிவிட்டார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். மாடி அறையை மட்டும் மறக்க வேண்டாம்.