மாப்பிள்ளைக்கு முந்திப் பதிவான ஸ்கூட்டர்

விக்கிரமங்கலம்,
18-10-1983

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை குருநாதன் அவர்களுக்கு உங்கள் மாமனார் கொளஞ்சியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை கண்ணகி, மலர்கொடி, பசு, கன்று யாவரும் கல்லங்குறிச்சிப் பெருமாள் புண்ணியத்தில் சுகம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பதாகப் பெரம்பலூர் பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீங்களே ஒரு கார்டு எழுதிப் போட்டால் கண்டக்டருக்குத் தொந்தரவு இருக்காது.

நிற்க. ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆவணி போய், புரட்டாசியும் போய், ஐப்பசி பிறந்துவிட்டது. வந்தால் புது ஸ்கூட்டரில்தான் மாமனார் ஊருக்குப் போவேன் என்று ஆபீஸ் சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டதாகவும், இனி பஸ்ஸில் வந்தால் தலைகாட்ட முடியாது என்றும் நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. தவறு என்மேல்தான். கல்யாணச் சபையில் ஸ்கூட்டர் தருகிறேன் என்று சொன்னவன் நான். சாவி வைக்க வேண்டிய தாம்பாளத்தில் பதிவு ரசீதை வைத்துச் சந்தனம் தெளித்து நீட்டினேன். மறுநாளே, கடையில் காட்ட வேண்டும் என்று அதையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் நான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே ஸ்கூட்டரைப் பதிந்தவன் நான். மலர்கொடி ஜெயங்கொண்டத்தில் படிப்பை முடித்த வருஷம், உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்யும் என் பங்காளி ஒருவர், "மாப்ள ஆறு மாசத்துல கெடச்சிருவாரு, ஸ்கூட்டரு கெடைக்க ஆறு வருசம் ஆவும். மொதல்ல எதைத் தேடணும்னு நீயே யோசிச்சிக்க" என்றார். யோசித்தேன். திருச்சிக்குப் போனேன். கடையில் யார் பெயருக்கு என்று கேட்டார்கள், மாப்பிள்ளை பெயருக்கு என்றேன், அவர் பெயர் என்ன என்றார்கள், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மலர்கொடி பெயரிலேயே பதிந்துவிட்டு வந்தேன். அது முதல் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குமாஸ்தாவுக்கு வறுத்த முந்திரி கொண்டுபோவேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே "இந்த வருசம் வந்துரும்" என்பார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கும் முந்திரி பிடிக்கிறது.

இதற்கிடையில் ஸ்கூட்டருக்கு இடம் வேண்டாமா என்று மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்து, தரைக்கு சிமெண்ட் பூசி, கதவும் போட்டேன். அன்றிலிருந்து பசு என்னைப் பால் கறக்க விடுவதில்லை, உங்கள் அத்தை போனால்தான் நிற்கிறது. திருச்சியில் ஒரு கடைக்காரர், பிறகு இந்த விலைக்குக் கிடைக்காது என்று சொன்னதை நம்பி ஸ்டெப்னி டயர் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி அந்தக் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறேன். ஊரில் யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் "ஸ்கூட்டரு வூடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வந்தவர்கள் ஸ்கூட்டர் எங்கே என்று கேட்கிறார்கள். நான் டயரைக் காட்டுகிறேன். இரண்டு மூன்று நாளைக்கு முன் ஆயுத பூஜைக்குக்கூட அதற்குத்தான் பொட்டு வைத்துச் சாமந்தி மாலை போட்டோம்.

போன மாதம் நடந்தது வேறு கூத்து. அரியலூர் ஸ்டேஷனில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய பெரிய மரப்பெட்டி ஒன்று இறங்கியிருப்பதாக யாரோ சொல்ல, அது ஸ்கூட்டரேதான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. நான் வண்டி கட்டிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் பெட்டி லாரியில் ஏறி ஊருக்குக் கிளம்பிவிட்டது. லாரி எங்கள் தெருவில் வந்து நின்றதும் உங்கள் அத்தை ஆரத்தி சுற்றி, பூசணிக்காய் உடைத்து, பெட்டிக்குக் கற்பூரம் காட்டி, அழவும் செய்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் மேலத்தெரு இருசம்மாள் வயலுக்குத் தருவித்த ஆயில் இஞ்சின். இருசம்மாள், "ஒங்க கைராசி, இஞ்சினு ஒரே சுத்துல கெளம்பிருச்சி" என்று அடுத்த நாள் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டோம், வேறென்ன செய்வது.

மலர்கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டரில் உங்கள் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூர் கடைவீதியில் போகும்போது விழுந்து வைத்தால் உங்களுக்கல்லவா அவமானம். அதனால் உங்கள் அத்தை கொட்டகையில் ஒரு தவிட்டு மூட்டையைப் படுக்கப் போட்டு, தான் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டு, பெண்ணைப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார வைத்துப் பழக்குகிறாள். நான் மூட்டையை ஆட்டிவிட வேண்டும். மலர்கொடி இரண்டே நாளில் பழகிக்கொண்டாள், உங்கள் அத்தைதான் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கடையில் கொடுத்த ஓட்டும் முறைப் புத்தகத்தை உங்களுக்கு அனுப்பலாம் என்று தேடினேன். அது மலர்கொடியிடம் இருக்கிறது. கிளட்ச், கியர் என்று சதா படித்துக்கொண்டிருக்கிறாள். பொழுது போக வேண்டுமே, பாவம்.

மாப்பிள்ளை, இவ்வளவும் வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் சாயங்காலம் பெரம்பலூர் பஸ் ரோட்டில் ஹாரன் அடிக்கும்போது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கை நின்றுவிடுகிறது. பஸ் போனபின் மறுபடி களைகிறாள். பக்கத்து வீட்டு வீரம்மாள், "என்னாடி, ஒம் புருசன் எப்ப வர்றாரு?" என்றால், "ஸ்கூட்டரக் கேளுங்க" என்கிறாள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் என் பெண் எண்ணெய் தேய்த்துக்கொள்வதைப் பார்க்க என்னால் ஆகாது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். யார் கண்ணிலும் படாமல் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் பேசிவிட்டேன், அங்கிருந்து கூண்டு வண்டியில் அழைத்து வருகிறேன். ஸ்கூட்டர் என்றைக்கு வந்தாலும் அது உங்களுடையது. நீங்கள் ஓட்ட, அவள் பின்னால் உட்காருவாள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். நீங்களும் மலர்கொடியும் சகல சம்பத்தும் பெற்று, வண்டி வாகனத்தோடு நீடூழி வாழப் பெருமாளை வேண்டும்,

உங்கள் மாமனார்,
கொளஞ்சியப்பன்.

பின்குறிப்பு, 27-10-1983: மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலிலேயே தபால்காரர் நின்றார், ஸ்கூட்டர் வந்துவிட்டது என்று திருச்சிக் கடையிலிருந்து கார்டு. அதோடு இந்தக் கடிதம் மறந்தே போயிற்று. பெயருக்கு உரியவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வண்டி என்றதால் மலர்கொடியைக் கூட்டிப் போய் எடுத்து வந்தோம். கல்லங்குறிச்சியில் பூஜை ஆகும் முன் அதன்மேல் யாரும் ஏறக் கூடாது என்று உங்கள் அத்தையின் வேண்டுதல், ஆகையால் அரியலூர் வரை லாரியிலும் அப்புறம் மாட்டு வண்டியிலுமாக ஸ்கூட்டர் கோயிலுக்குப் போயிற்று. பூஜை முடிந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபின், அதன்மேல் வண்டியை யார் ஏற்றுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மலர்கொடி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, புத்தகத்தில் இருந்தபடியே ஒரு உதை விட்டாள். அது கிளம்பிவிட்டது. அரியலூர் மெக்கானிக் ஒருவர் வந்து நாலைந்து நாள் சொல்லிக்கொடுத்தார், இப்போது ஜெயங்கொண்டம் வரை போய் வருகிறாள். பஸ் ஹாரன் அடித்தால் இவளும் பதிலுக்கு அடிக்கிறாள்.

நேற்று, "மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பட்டுமா, வந்து ஓட்டிக்கிட்டுப் போவாரு" என்றேன். "எனக்காவ வராதவரு ஸ்கூட்டருக்காவ வர வேணாம்பா. தீபாவளிக்கு பஸ்ஸுல வரச் சொல்லுங்க. ஸ்டாப்புல எல்லாரும் பாக்கவே எறங்கட்டும். நான் போயி ஏத்திக்கிட்டு வரேன்" என்றாள். ரசீதில் அவள் பெயரல்லவா இருக்கிறது, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் கூண்டு வண்டியையும், யார் பின்னால் உட்காருவது என்பதையும் அடித்துவிட்டு வாசிக்கவும். அவசியம் ஒரு நாள் முன்னதாகவே வரவும். தவிட்டு மூட்டையைக் கொட்டகையில் அப்படியே போட்டு வைத்திருக்கிறேன், ஆட்டிவிட நான் இருக்கிறேன்.